புடிங்குக்கு வைத்த பிராண்டி

தோட்டத்துப் பங்களாவுக்குப் பின்னால் கூட்டில் அடைத்து வளர்த்த வான்கோழிக்கு நான் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். துரை வந்து, இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு, நத்தார் விருந்து இரவில் இல்லை, பகலில் என்றார். பொழுதுபட்டால் றக்வானை ரோட்டில் நாலு இடத்தில் ஆமிக்காரர்கள் வாகனங்களை மறிக்கிறார்கள், வருகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டும் என்றார். பன்னிரண்டு பேர். நான் தலையாட்டினேன். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பிப் பார்த்து, "டவுன் இன்ஸ்பெக்டரும் வாறார். இன்னொரு பிளேட் வை அப்பு" என்றார்.

அதற்கும் தலையாட்டினேன். அந்த இன்ஸ்பெக்டரின் ஸ்டேஷன் கூட்டில்தான் என் மனைவியின் தம்பி நான்கு நாட்களாக இருந்தான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. சண்டை நடந்தது வடக்கில். எங்கள் மலையில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனால் சுற்றிலும் சிங்கள ஊர்கள், நடுவில் தோட்டத்து ஆட்கள் இருக்கிற வரிசை வீடுகள், எங்கள் ஏழு லயங்கள். கொழும்பில் எங்கேயாவது வெடித்தது என்று ரேடியோவில் சொன்னால், அடுத்த நாள் கடைக்குப் போகிற எங்கள் ஆட்கள் தமிழை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அந்த மார்கழியில் விடிகாலைப் பஜனையும் போகவில்லை. இருட்டில் கூட்டமாகப் போக வேண்டாம் என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். விடியும் நேரத்தில் ஜால்ரா சத்தம் கேட்டே பழகிய காதுக்கு அந்த அமைதியே பெரிய சத்தமாக இருந்தது.

மச்சினனுக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. லீவில் வந்து அக்கா வீட்டில் இரண்டு இரவு தூங்கியிருந்தான். மூன்றாம் நாள் விடிகாலை பொலிஸும் ஆமியும் லயத்தைச் சுற்றி நின்றார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். அவனுக்கு இல்லை. எழுதிப் போட்டு ஒன்றரை வருஷமாக வரவில்லை. கடை முதலாளி கொடுத்த கடுதாசியைக் காட்டினான். அதை வாங்கிப் படித்தவர் மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவனை ஏற்றிக்கொண்டு போனார். செருப்புப் போட விடவில்லை. அந்தச் செருப்பு எங்கள் காம்பரா வாசலில் போட்டபடி கிடந்தது. என் மனைவி அதை யாரும் நகர்த்த விடவில்லை.

அவள் தினமும் சோற்றுப் பார்சலோடு டவுனுக்குப் போனாள். பார்சலை வாங்கினார்கள், பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் இரக்கப்பட்டு, "நத்தார் முடிஞ்சதும் மேல அனுப்புவாங்க" என்று சொன்னாராம். மேல என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது. அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள். சிலரைப் பற்றி வீட்டுக்காரர்களே பேசுவதை விட்டிருந்தார்கள்.

விருந்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் நான்கு நாளுக்குப் பிறகு களை வந்தது.

"துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த. அவரு சொன்னா இன்ஸ்பெக்டர் கேப்பாரு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

"வான்கோழிகிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசுறீங்க" என்றாள். உண்மைதான். தீனி வைக்கும்போது அதோடு பேசுவேன். அது பதில் சொல்லாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், பதினாலு வயதில் பங்களாக் குசினியில் கோப்பை கழுவப் போனேன், பார்த்துப் பார்த்தே சமையல் படித்து அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரன், ஆனேன். இங்கிலீஷ் சாப்பாடு எல்லாம் செய்வேன். ஆனால் துரைமார் முன்னால் வாய் திறக்க வராது. பதினைந்து வருஷத்தில் மூன்று துரைகளிடம் நான் பேசியதெல்லாம் "சரிங்க", "ஆகட்டுங்க", "ஒன்னுமில்லைங்க". இந்தத் துரை நல்லவர்தான். சிங்களவர், கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அவர் நல்லவராக இருந்ததால் எனக்கு வாய் திறந்துவிடவில்லை.

எனக்கு ஒரே ஒரு பிடி இருந்தது. அந்தப் பங்களாவில் ஒரு வழக்கம். நத்தார் சாப்பாட்டின் முடிவில் திரைச்சீலைகளை இழுத்து, விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் கிறிஸ்மஸ் புடிங்கைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, மேலே சூடான பிராண்டியை ஊற்றி, தீக்குச்சி கிழித்து வைப்பேன். நீலமாக எரியும். எல்லாரும் கை தட்டுவார்கள். அப்போது துரை எல்லார் முன்னாலும், "அப்பு, என்ன வேணும்? கேள்" என்பார். அன்றைக்குக் கேட்டது கிடைக்கும். முந்தின வருஷம் கூரைக்குத் தகரம் கேளுங்கள் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். "ஒன்னும் வேணாங்க துரை" என்று சொல்லிவிட்டு வந்தேன். விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்த மாரி முழுக்க எங்கள் காம்பராவில் சட்டி வைத்து ஒழுக்குப் பிடித்தோம்.

இந்த வருஷம் கேட்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நானாகப் போய்ப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். துரையே கேட்பார். இன்ஸ்பெக்டரும் அதே மேசையில் இருப்பார். நத்தார் முடிந்துதானே அனுப்புவார்கள். புடிங் வரும்வரை எல்லாம் சரியாக நடந்தால் போதும். வான்கோழி கருகக்கூடாது. துரையின் முகம் சுருங்கக்கூடாது. இப்படி நினைத்ததும் பயமெல்லாம் சமையல் மேல் ஏறிக்கொண்டது. சமையல் பயம் எனக்குப் பழகினது.

அந்த மூன்று நாளும் நான் ஆளாக இல்லை. பன்றி இறைச்சியை இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன். ஊறிவிட்டதா என்று ஐந்து முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மழை விடவில்லை. றப்பர் விறகு நனைந்து, போரணை அடுப்பு சூடேறாமல் புகைந்தது. இருபத்துநாலாம் தேதி காலை வான்கோழியை அறுத்தேன். வழக்கமாகக் கத்தியைக் கண்டால் அது சத்தம் போடும். அன்று சத்தம் போடவில்லை. நான் கழுத்தைப் பிடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம் துரை ஸ்பிரிட் அலமாரியைத் திறந்து, புடிங்குக்கு என்று ஒரு கால் போத்தல் பிராண்டியைக் கொடுத்தார். அதைக் குசினி மேல்தட்டில் வைத்தேன். என் மனைவி நத்தார் கிழமையில் கொழுந்து பறிக்கப் போகாமல் எனக்கு உதவிக்கு வருவாள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

அவள் கண்ணில் வெங்காயத் தண்ணீரா, அழுகையா தெரியவில்லை. நாளை புடிங் வரும்போது கேட்கப்போகிறேன் என்று சொன்னால், தகரத்தை ஞாபகப்படுத்துவாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"என்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

கத்தியை வைத்துவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "அப்ப முனிக்கும் வச்சிருவோம். துரை ஒரு பக்கம் பாக்கட்டும், அவரு ஒரு பக்கம் பாக்கட்டும்" என்றாள்.

முனி என்றால் எங்கள் லயம் முடிகிற இடத்தில், றப்பர் மரத்தடியில் கல்லாக நிற்கிற சாமி. சிறைப்பட்டவனை மீட்பார் என்று நம்பிக்கை. அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைக்க வேண்டும்.

"சாராயத்துக்கு எங்கங்க போறது?"

"கசிப்புக் காய்ச்சுறவன் பொலிஸ் வந்த அன்னிக்கே ஓடிட்டான். டவுன்ல பாரும் பூட்டு. தேங்காய ஒடைச்சிரு."

"தேங்காய்க்கெல்லாம் அவரு எறங்க மாட்டாரு."

 நான் வான்கோழி வயிற்றுக்குள் வைக்கப் பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நத்தார் அன்று நாலு மணிக்கே அடுப்பு மூட்டினேன். அந்தப் போரணையில் சூடு பார்க்கக் கருவி எதுவும் இல்லை. கையை உள்ளே விட்டு எண்ணுவேன். பத்து வரை எண்ண முடிந்தால் சூடு போதாது. ஐந்தில் கையை இழுத்தால் சரி. அன்று பன்னிரண்டு வரை எண்ணினேன். சீனிச் சாக்கைக் கிழித்துப் போட்டு எரித்தேன். ஏழு மணிக்கு மனைவி வந்தாள். நெற்றியில் திருநீறு, தலைமுடியில் சுருட்டு வாசம். சாராயம் கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். போரணைக் கதவு சரியாக மூடாமல் நின்றது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

எட்டு மணிக்குத் துரை கோயிலிலிருந்து வந்தார். நேரே குசினிக்கு வந்தார். மனைவி கோழிக்கறிக்குத் தேங்காய் எடுக்க வெளியே போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அறை, அதில் டெலிபோன்.

"எல்லாம் சரியா அப்பு?"

"சரிங்க துரை."

"ஏதும் வேணுமா?"

 இப்போது சொன்னால் நல்ல நாளில் அவர் மனம் கெட்டுப்போகும், மத்தியானம் எல்லாம் இருக்கிறதே, அவரே கேட்பாரே என்று நினைத்தேன்.

"ஒன்னுமில்லைங்க துரை."

அவர் போகாமல் நின்றார். "மூஞ்சி சரியில்லையே."

"பொகைங்க."

சிரித்துவிட்டுப் போனார்.

சாலையில், விருந்து நடக்கும் கூடத்தில், உள்ள பெரிய கடிகாரம் பத்து அடித்தபோது வான்கோழியைத் திருப்பிப் போட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோல் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது. கையை உள்ளே விட்டேன், ஐந்தில் இழுத்தேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

மழையோடு வாகனங்கள் வந்தன. மலை முழுக்க மூடுபனி இறங்கி, பன்னிரண்டு மணி ஆறு மணி போல இருந்தது. பின்கதவு வழியாக ஒருவர் குசினிக்குள் வந்தார். நத்தாருக்கு உடுத்தும் நல்ல சட்டை, அதன் மேல் இடுப்பில் துப்பாக்கி. இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மணந்து பார்த்தார்.

"ஹொந்த சுவந்தய் அப்பு" என்றார். நல்ல வாசம் என்று. உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்புப் போதுமா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கோப்பை கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து நின்றாள். அவர் விரலை என் துணியில் துடைத்துவிட்டுப் போனார்.

சாப்பாடு நன்றாகப் போனது. எனக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு நன்றாகப் போனது. சூப்புக் கோப்பைகள் காலியாக வந்தன. வான்கோழியைத் துரை வெட்டும்போது எல்லாரும் ஆ என்றார்கள். காலியாக வந்த ஒவ்வொரு கோப்பையையும் எண்ணிக்கொண்டே வந்தேன். இனிப் புடிங் ஒன்றுதான். குசினியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். துரை கேட்பார். நான் சொல்வேன். சின்ன சாஸ்பானில் பிராண்டியை ஊற்றிச் சூடாக்கினேன். வாசம் வந்தது. நிறம் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. புகையில் சரியாகத் தெரியவில்லை.

சாலையில் திரைச்சீலையை இழுத்திருந்தார்கள். வெளியே மழை இருட்டு, உள்ளே விளக்கை அணைத்ததும் மேசை இருக்கிற இடமே தெரியவில்லை. குசினிக் கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் நடந்து போய், துரைசாணி முன்னால் புடிங்கை வைத்தேன். ஊற்றினேன். குச்சி கிழித்து வைத்தேன்.

நூல் போல ஒரு நீலம் ஓடியது. அணைந்தது.

இரண்டாவது குச்சி. புடிங் மேல் கருகிப்போய் விழுந்தது. மூன்றாவது குச்சி என் விரல் வரை எரிந்தது.

இருட்டில் யாரோ கதிரையை நகர்த்தினார்கள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில், "பிராண்டி இப்ப அப்பு வயித்துக்குள்ள எரியுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "அப்புவக் கொளுத்திப் பாருங்க, எரிவான்" என்றார். இன்னும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "அப்பு?" என்றார். அந்தக் குரலில் 'என்ன வேணும் கேள்' இல்லை.

நான் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு முன்னால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலைமுடியில் சுருட்டு வாசம், மேல்தட்டில் போத்தல், கிடைக்காத சாராயம். பாதியை முனிக்கு எடுத்துக்கொண்டு, குறைந்த அளவுக்குத் தேயிலைச் சாயத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறாள். இதைக் கொளுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் ஒருநாளும் சாலைக்குள் வந்ததில்லை.

எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது. முகங்கள் தெரியாமல் இருந்ததால்தான் பேசினேன் போலிருக்கிறது. சிங்களத்திலேயே பேசினேன், நேரே இன்ஸ்பெக்டர் இருந்த பக்கத்தைப் பார்த்து.

"மஹத்தயா, நான் குடிக்கல. என் பொஞ்சாதி எங்க சாமிக்கு எடுத்து வச்சிட்டா. அவ தம்பி உங்க கூட்டுல இருக்கான். அவன் வரணும்னு வச்சா. அவன் ஒன்னும் செய்யாதவன் மஹத்தயா. கடையில சோறு பரிமாறுறவன்."

சிரிப்பு நின்றது. 

"பேர் என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னேன்.

கரண்டியைக் கோப்பையில் வைக்கிற சத்தம் கேட்டது. "கொழும்புக் கடைப் பொடியனா?"

"ஆமாங்க மஹத்தயா."

"காலையில பத்து மணி வேனில அனுப்பியாச்சே. நத்தார் லீவு, ஸ்டேஷன்ல ஆள் இல்ல. வச்சிருக்க ஏலாம அனுப்பினோம்." குரலில் கோபம் இல்லை. யாரோ கேட்ட விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குசினிக் கதவில் மனைவி இல்லை. துரைசாணி மெதுவாகக் கத்தியை எடுத்துப் புடிங்கை வெட்ட ஆரம்பித்தார். பதின்மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார்கள்.

வாகனங்களெல்லாம் போன பிறகு துரை குசினிக்கு வந்தார். மனைவி வெளியே பீலியடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

"எட்டு மணிக்கு உன்கிட்ட வந்து கேட்டேனே" என்றார்.

"ஆமாங்க."

"ஒரு போன் அப்பு." அவர் ஆபீஸ் அறைச் சுவரைக் காட்டினார். "ஒரு போன்தானே."

பிராண்டியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அன்று பின்னேரமே போன் பேசினார். பிறகு கடிதங்கள் எழுதினார், கொழும்புக்கு இரண்டு தடவை போய்வந்தார். வேன் எங்கே போனது என்று தெரியவே மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான் பங்களாவில் சமைத்தேன். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நத்தார் அன்று வீட்டுக்கு நடந்தபோது மனைவி எனக்கு முன்னால் போனாள். லயத்து முடிவில், முனிக்கு முன்னால் நின்றாள். கல்லடியில் சிரட்டையில் அவள் ஊற்றி வைத்த பிராண்டியில் மழை விழுந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"பாதிதான் வச்சேன்" என்றாள். "துரைக்குத் தெரியக்கூடாதுன்னு பாதிய மட்டும் எடுத்துட்டு சாயத் தண்ணி ஊத்தி மறைச்சேன். சாமிக்கிட்டயே களவு செஞ்சேன். அதான் அவரு பாதியில வுட்டுட்டாரு. நீங்க அவ்ளோ தூரம் துரைகிட்டயும் சொல்லி வச்சிருந்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். இருட்டவும் இல்லை, யாரும் பக்கத்திலும் இல்லை. நான் துரையிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன், எட்டு மணிக்கு அவரே கேட்டபோது புகை என்று சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். "வா, நனையாத" என்று மட்டும் சொன்னேன்.

பதின்மூன்று மாதம் கழித்து மச்சினன் வந்தான். பாதி ஆளாக வந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுப் பார்த்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்து வார் இறுகியிருந்தது, கால் நுழையவில்லை. அக்கா அடுப்பங்கரையில் அழுதுகொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அன்னிக்குப் பத்து மணி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். துரை ஆள் அனுப்புவாருன்னு நெனச்சேன். அவருக்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

எப்போது சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

இந்த வருஷம் சண்டை முடிந்துவிட்டது. டவுனில் பட்டாசு கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். மச்சினன் எங்களோடுதான் இருக்கிறான். வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் பின்கதவுக்குப் போய்விடுவான். துரையும் போய்விட்டார், பங்களாவில் இப்போது புடிங் கொளுத்துவதில்லை. ஆனால் நத்தார் வந்தால் என் மனைவி முனிக்கு வைக்க மறப்பதில்லை. சிரட்டையில் இல்லை, போத்தலாகவே, மூடி திறக்காத முழுப் போத்தல். அன்றைக்குக் களவு செய்ததற்கு வருஷா வருஷம் திருப்பிக் கொடுக்கிறாள்.

டவுனுக்குப் போய் வாங்கி வருகிறவன் நான்தான். அவள் அதை உடனே வாங்க மாட்டாள். "முழுசா இருக்கான்னு நல்லா பாருங்க" என்பாள். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன்.

"இருக்கு" என்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.